கடன் வாங்கிய கோபம்

பேராக்கின் பாரிட் புந்தாரில் பசியாறும் கடைகளில் காலை ஏழு மணிக்கே அமெரிக்க அரசியல் தொடங்கிவிடுகிறது. தே தாரேக் குவளையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாரோ பேசும் காணொளியைப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிரம்ப், வரி, சீனா, தைவான். பேசுகிறவர் தமிழர்; சரக்கு பெரும்பாலும் அமெரிக்க வலதுசாரி விமர்சகர்களுடையது. சீனா உலகை ஏமாற்றுகிறது, பெரிய ஊடகங்கள் அதை மறைக்கின்றன, மேல்தட்டு அதற்கு உடந்தை என்று மூன்று வாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இதைக் கேட்பவர்களை ஏளனம் செய்வது எளிது. நான் அதற்குத் தயாரில்லை. அந்தப் பேச்சில் உண்மை உண்டு. அந்த உண்மை எது, நம் ஊர் வந்து சேர்வதற்குள் அதற்கு என்ன ஆகிறது என்பதே என் கவலை.

2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. வணிகம் வளர்ந்தால் சீனாவில் சுதந்திரமும் வளரும் என்று அமெரிக்காவின் இரு கட்சித் தலைவர்களும் பெரிய நாளேடுகளும் அப்போது நம்பினார்கள். வலதுசாரிகளிலும் பெரும்பான்மையினர் தடையற்ற வணிகத்தின் பக்கம்தான். பாட் புக்கானன் போன்ற சிலர் 1990களிலேயே எதிர்த்தார்கள். தொழிற்சங்கங்களும் எதிர்த்தன என்பதை அவருடைய அன்பர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பின்னர் பொருளாதார அறிஞர் டேவிட் ஆட்டரும் அவரது சகாக்களும் கணக்கிட்டுப் பார்த்தபோது, 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதிப் போட்டியால் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 லட்சம் வேலைகள் போயிருந்தன. ஒரு ஊரின் ஆலை மூடினால் அந்த ஊர்க்காரன் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான் என்ற பாடநூல் வாதம் பொய்த்தது.

இந்தக் கதை பேராக் தமிழனுக்குப் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 1950களின் துண்டாடலிலும், பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோதும் லயங்களை விட்டு வெளியேறியவர்கள் நாம். கணக்கேட்டில் அது வளர்ச்சி என்று பதிவாயிற்று. ஓஹாயோவின் மூடிய ஆலையைப் பற்றி ஒருவர் ஆத்திரத்தோடு பேசும்போது நம் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தங்களுக்காக அன்று யாரும் அப்படிக் குரல் உயர்த்தவில்லை என்ற குறை உள்ளே கிடக்கிறது. ஆனால் துண்டாடலின்போது எழுந்த கோபம் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளியே தோட்டத்துக்கு உரிமையாளன் ஆனான். ஒரு கோபம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் அதுதான்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அமெரிக்க வலதுசாரி விமர்சனத்துக்கு வரவில் எழுத வேண்டியவை இருக்கின்றன. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களைத் தடுக்கும் சட்டம் 2021 டிசம்பரில் வந்தது. குடியரசுக் கட்சியின் மார்கோ ரூபியோ அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்துகொண்டார்கள். நம் கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தச் சட்டத்தை அலட்சியப்படுத்த முடியாது. இதே நோக்கமுள்ள இன்னொரு பழைய அமெரிக்கச் சட்டம் நம்மையும் விடவில்லை. 2020 ஜூலையில் மலேசியாவின் டாப் கிளவ் துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்காக முகவர்களிடம் கட்டிய பணத்தை நிறுவனம் திருப்பிக் கொடுத்த பிறகே, 2021 செப்டம்பரில் தடை நீங்கியது.

ஊடகங்கள் மீதான குற்றச்சாட்டும் முழுப் பொய்யல்ல. கொரோனா கிருமி ஆய்வுக்கூடத்திலிருந்து கசிந்திருக்கலாம் என்ற கேள்வியை 2020 பிப்ரவரியில் செனட்டர் டாம் காட்டன் எழுப்பியபோது, பெரிய பத்திரிகைகள் அதைச் சதிக்கதை என்று ஒதுக்கின. கிருமி மனிதரால் உருவாக்கப்பட்டது என்ற பதிவுகளை ஃபேஸ்புக் நீக்கியது. 2021 மே மாதம்தான் அந்த விதியைக் கைவிட்டது. விடை இன்றும் தீரவில்லை. உளவு அமைப்புகளே இரு பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. ஆனால் திறந்திருக்க வேண்டிய கேள்வியை ஊடகம் மூடியது. அதைத் திறந்து வைத்தவர்களில் வலதுசாரிகள் முக்கியமானவர்கள்.

கேள்வியைத் திறப்பதில் இவ்வளவு கெட்டிக்காரர்கள், திறந்த பிறகு என்ன செய்கிறார்கள்? பழைய வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1949இல் மாவோ வென்றதும், சீனாவைத் தொலைத்தது யார் என்ற வலதுசாரிக் கூச்சல் வாஷிங்டனில் எழுந்தது. மாவோவிடம் தோற்ற சியாங் கை ஷேக்கின் ஆட்சி உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்ததை முன்கூட்டியே எழுதியனுப்பிய அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். ஜான் சர்வீஸ் 1951இலும் ஜான் பேட்டன் டேவிஸ் 1954இலும் வெளியுறவுத் துறையை விட்டு நீக்கப்பட்டார்கள். சீன மண்ணில் பிறந்து, அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் இருவரும். அவர்களைப் போன்றவர்களைத் துரத்திவிட்டு, ஆசியாவை அறியாதவர்களை வைத்துக்கொண்டு வியட்நாமுக்குள் போனது அமெரிக்கா.

அதே தவறு 2025இல் திரும்ப நடந்தது. ஊடகங்கள் மீதிருந்த வெறுப்பில், அரசுப் பணத்தில் இயங்கிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவையும் ரேடியோ ஃப்ரீ ஏசியாவையும் முடக்கும் ஆணையில் மார்ச் மாதம் டிரம்ப் கையெழுத்திட்டார். சின்ஜியாங் முகாம்களைப் பற்றி உய்குர் மொழியிலேயே செய்தி சேகரித்து உலகுக்குச் சொன்னது ரேடியோ ஃப்ரீ ஏசியா. பெய்ஜிங்கை மிகவும் உறுத்திய குரல் அது. அக்டோபர் இறுதியில் அது செய்திப் பணியை நிறுத்தியது. சீனாவை எதிர்க்கிறோம் என்று முழங்கியவர்களே சீனாவுக்கு இந்த உதவியைச் செய்தார்கள். பிறமொழி ஒலிபரப்பில் சீனா கவனமாகவே இருந்து வருகிறது. அதன் அரசு வானொலி 1963இலேயே தமிழில் பேசத் தொடங்கிவிட்டது.

விமர்சனம் இப்படித் தன் கண்ணையே குத்திக்கொள்ள வியாபாரமும் ஒரு காரணம். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற அமெரிக்க ஒலிபரப்பு விதி 1987இல் நீங்கியது. மறு ஆண்டே வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலித்தது. 1996இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. கேட்பவரின் ஆத்திரமே முதலீடாயிற்று. 2020 தேர்தலைப் பற்றிப் பொய் பரப்பியதாக வாக்கு இயந்திர நிறுவனமான டொமினியன் தொடுத்த வழக்கை முடிக்க, 2023இல் ஃபாக்ஸ் 787.5 மில்லியன் டாலர் கொடுத்தது. நம் யூடியூப் பேச்சாளர்கள் கற்றுக்கொண்டது புக்கானனின் வாதத்தை அல்ல, லிம்பாவின் தொனியை.

அந்தத் தொனி பாரிட் புந்தாருக்கு வரும்போது ஆபத்து கூடுகிறது. ஓஹாயோக்காரனுக்குச் சீனா கடல் கடந்த அரசாங்கம். நமக்குச் சீனர் அடுத்த கடைக்காரர், பிள்ளையோடு படிப்பவர். சம்பள நாள் வரை 555 புத்தகத்தில் பற்று எழுதிக்கொண்டு அரிசியும் மீன் டின்னும் கொடுத்தவர் பெரும்பாலும் சீனத் தவுக்கேதான். 2020இல் எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில் பெய்ஜிங் அரசும் இந்தத் தவுக்கேயும் ஒன்றாகவே நின்றார்கள். இந்த மாநிலத்துக்கு அது தெரிந்த கதை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம் ஓர் இனத்தின் மீதே படிந்தது. ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். லயத்துத் தமிழரும் வேலிக்குள் வாழ்ந்தார்கள். ஓர் அரசின் மீதான கோபத்தை ஒரு மக்கள் மீது இறக்கினால் யார் யார் அடிபடுவார்கள் என்பதற்கு நம் தாத்தாக்களே சாட்சி.

இத்தனை பேச்சிலும் நம் வயிற்றைத் தொடும் பகுதிதான் விடுபட்டுப்போகிறது. சீன மருத்துவக் கையுறைகளுக்கான வரியை 2025இல் 50 விழுக்காடாகவும் 2026இல் 100 விழுக்காடாகவும் உயர்த்த முடிவெடுத்தது டிரம்ப் அல்ல, பைடன் அரசு. வலதுசாரிகளின் வாதம் இரு கட்சிக்கும் பொதுவாகிவிட்டதற்கு அதுவே சான்று. மலேசியக் கையுறை ஆலைகளுக்கு அது வாய்ப்பும்கூட. மறுபக்கம், பினாங்கின் பத்து காவானில் ஆலை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனமான மைக்ரானின் சில்லுகளை, முக்கியக் கட்டமைப்புகளில் பயன்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் சீனா தடுத்தது. பாரிட் புந்தாரிலிருந்து ஆலை பஸ் ஏறி அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு தலைநகரங்களின் கோபமும் சம்பள விஷயம்.

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் டிரம்ப்பும் பிரதமர் அன்வாரும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமெரிக்கா தன் பொருளாதார, தேசியப் பாதுகாப்பை முன்னிட்டு வேறொரு நாட்டின் மீது கட்டுப்பாடு விதித்தால், மலேசியாவும் அதற்கு ஈடான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. எதிர்க்கட்சிகளும் துன் மகாதீரும் அதைக் கண்டித்தார்கள். அரசு நம் இறையாண்மைக்குப் பங்கமில்லை என்றது. அந்த விதி யாரைக் கருதி எழுதப்பட்டது, சீனாவே நம் மிகப் பெரிய வணிகப் பங்காளியாக இருக்கும்போது அதை நிறைவேற்றினால் எந்த ஆலை முதலில் ஆள்குறைப்புச் செய்யும், நிறைவேற்றாவிட்டால் எந்த வரி ஏறும்? தமிழில் இதை உட்கார்ந்து அலசிய ஒரு காணொளியாவது வரும் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். வந்தவை எல்லாம் விமான நிலையத்தில் டிரம்ப் ஆடிய ஆட்டத்தைப் பற்றியவை.