ஜாடை பிடித்தவர்கள்

ஈர்ப்பு வில்லைகளைத் தேடும் கலையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், பிகேஎஸ் 1830-211 என்பேன். முதல் வில்லை அதுவல்ல. அந்தப் பெருமை 1979இல் வால்ஷ், கார்ஸ்வெல், வேமன் மூவரும் கண்ட இரட்டைக் குவேசாருக்கு உரியது. ஜோட்ரல் பேங்க் ரேடியோ ஆய்வு இடத்தைக் காட்டியது. கிட் பீக் மலையின் ஒளித் தொலைநோக்கி நிறமாலையைப் பிரித்தது. ஆறு விகலை இடைவெளியில் நின்ற இரண்டு புள்ளிகளுக்கும் ஒரே நிறமாலை. குறுக்கே நின்ற விண்மீன் திரளின் ஈர்ப்பு, ஒரே குவேசாரின் ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டியிருந்தது. ரேடியோ முகவரி கொடுக்க, ஒளி சாட்சி சொன்னது.

1830-211க்கு அந்தச் சாட்சி வாய்க்கவில்லை. தனுசு ராசியில், பூராடம், உத்திராடம் விண்மீன்களுக்குச் சற்று வடக்கே, நம் பால்வெளியின் தூசு மண்டிய பகுதிக்குப் பின்னால் அது இருக்கிறது. ஆடி மாத இரவுகளில் கொருக்குப்பேட்டை மொட்டை மாடியிலிருந்து அந்தத் திசையைப் பார்ப்பது என் வழக்கம். கூட்ஸ் யார்டு விளக்குகளுக்கு மேலே தனுசு மங்கலாகத்தான் தெரியும். காவலூர் வானாய்வகத்தின் நல்ல இருட்டுக்குப் போனாலும் அந்த ஒரு புள்ளி கண்ணுக்குக் கிடைக்காது. ஆனால் தூசைத் தாண்டி ரேடியோ அலை வந்துவிடுகிறது.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து ரேடியோ வானியலில் வளர்ந்த பிரமேஷ் ராவும் ரவி சுப்ரமணியனும் 1988இல் அங்கே ஒரு விகலை இடைவெளியில் இரண்டு பொட்டுகள் இருப்பதை எழுதினார்கள். 1990இல் நரசிம்மாவும், உதகை ரேடியோ தொலைநோக்கியை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்பும் சேர்ந்துகொள்ள, இவை ஒரே பொருளின் இரு பிம்பங்களாக இருக்கலாம் என்று நால்வரும் வாதிட்டார்கள்.

ரசிகன் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ரேடியோ வானில் இரட்டைப் பொட்டு அபூர்வமல்ல; திரளின் கரு இருபுறமும் தாரை பீய்ச்சினால் அப்படித்தான் தெரியும். ஆனால் தாரைகள் உண்டாக்கும் அந்த மடல்கள் அதிர்வெண் ஏற ஏற விரைவாக மங்கிவிடும். இந்த இரண்டும் அப்படி மங்கவில்லை. அது கருவின் குணம். ஒரு பொருளுக்கு இரண்டு கரு ஏது? போதாக்குறைக்கு, ஒவ்வொரு பொட்டிலிருந்தும் ஒரு வால், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். தொலைவு தெரியாது, வில்லையாக நிற்கும் திரளைக் கண்டவர் இல்லை. இரட்டைப் பிள்ளைகளை முகஜாடையை வைத்தே சொல்லிவிடும் பாட்டியைப் போல, வடிவத்தையும் அலைகளின் குணத்தையும் மட்டும் நம்பிச் சொன்னார்கள். அந்தத் துணிவு எனக்குச் சலிப்பதே இல்லை.

1991இல் ஜான்சி குழு, இரு பொட்டுகளையும் இணைக்கும் வளையத்தை நேச்சர் இதழில் காட்டியது. வில்லையாக நிற்கும் திரளில் உள்ள மூலக்கூறுகள் ரேடியோ அலையை உறிஞ்சிய தடத்திலிருந்து அதன் தொலைவைக் குறிக்கும் செந்நகர்ச்சி 0.886 என்று 1996இல் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் குவேசாரின் செந்நகர்ச்சி 2.507 என்று தெரிய 1999 ஆனது. இவற்றிடையே நான் மிகவும் ரசிப்பது 1998இல் லவல் குழு அளந்த கால இடைவெளியை. வடகிழக்குப் பொட்டு கூடினாலோ குறைந்தாலோ, சுமார் 26 நாள் கழித்து அதே ஏற்ற இறக்கம் தென்மேற்குப் பொட்டிலும் வருகிறது.