ஈ, தா, கொடு: ஒரு மனுவை முன்வைத்து

எம்.ஏ. தமிழ் படித்தவனால் சனங்களுக்கு என்ன பிரயோசனம்? மனு எழுத உதவுவான் என்பதுதான் எங்கள் காலனி கண்ட பதில். ஓசூர் சிப்காட்டுக்குப் போகிற வேன்கள் விடிகாலையில் எங்கள் காலனி முனையில் நிற்கும். ஷிப்ட் முடிந்து அதே வேனில் வந்து இறங்குகிறவர்கள் வெள்ளைத்தாளோடு என் வீட்டுக்கு வருவார்கள். பிடித்துக்கொண்ட சம்பளம், வராத போனஸ், கிடைக்காத லீவு என்று நிறைய எழுதிவிட்டேன். அதில் ஒரு மனுவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கதைக்கும் கவிதைக்கும் மட்டும்தான் விமர்சனம் எழுதவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நம்ம சனங்கள் மேலே இருப்பவனைப் பார்த்துப் பேச நமக்கு விடப்பட்டிருக்கிற எழுத்து வடிவம் மனு ஒன்றுதான்.

2023இல் அந்தத் தம்பிக்கு இருபத்து மூன்று வயது. பவர் பிரஸ்ஸில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. காண்ட்ராக்ட் ஆள். ஈ.எஸ்.ஐ. கார்டு கிடையாது. நான் உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டருக்குச் சொல்லிக்கொடுத்த அதே அச்சு. 'உயர்திரு மேலாளர் அவர்கள் சமூகத்திற்கு' என்று தொடங்கி, 'என் ஏழ்மை நிலையைக் கருத்தில் கொண்டு', 'கருணை கூர்ந்து', 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று போய், 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிந்தது. வாசித்துக் காட்டினேன். தம்பியின் அப்பா கேட்டார்:

"வெரலு போனது எங்கப்பா வருது?"

தேடினேன். நாலாவது பாராவில் இருந்தது. அதுவும் 'எதிர்பாராத விதமாக' என்ற சொல்லோடு. மிஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றி வைத்து வேகமாக ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர் என் மனுவில் எங்குமே இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. மொழியே அவரைக் காப்பாற்றிவிட்டது.

வகுப்பில் தொல்காப்பியச் சொல்லதிகாரம் படித்தது அன்றைக்கு நினைவுக்கு வந்தது. எச்சவியலில் இரத்தலுக்கு மூன்று சொல் சொல்லப்பட்டிருக்கிறது. இழிந்தவன் கேட்டால் 'ஈ'. ஒத்தவன் கேட்டால் 'தா'. உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. பரீட்சையில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கேட்கிற பொருள் ஒன்றாகவே இருந்தாலும் கேட்கிறவன் நிற்கிற இடத்தை வைத்து வினைச்சொல் மாறும் என்று இலக்கணம் பதிந்து வைத்திருக்கிறது. எம்.ஏ. படித்த நான் அந்தத் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது 'ஈ'.

இந்த எல்லைப் பகுதியில் மூன்று மொழி புழங்குகிறது. பணிந்து கூப்பிட மூன்றிலும் சொல் உண்டு. தமிழிலும் தெலுங்கிலும் 'சாமி'. கன்னடத்தில் 'ஸ்வாமி'. பழைய மைசூர்ப் பக்கம் நம் சனங்கள் பெரிய சாதிக்காரரை 'புத்தி' என்று விளித்திருக்கிறார்கள். புத்தி முழுக்க அவரிடமே இருப்பதாக ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்கவேண்டும். சித்தலிங்கையாவின் தன்வரலாற்றைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழாக்கியிருக்கிறார். அதன் தொடக்கத்தில் நுகத்தடியில் மாட்டுக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள். அதில் ஒருவர் அவருடைய அப்பா. தோளில் நுகம் இருக்கும்போது வாயில் எந்தச் சொல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1970களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே லாரி, மொபெட், கைக்கடிகாரம் செய்கிற ஆலைகள் வந்தன. உள்ளே எல்லோருக்கும் ஒரே விளி: 'சார்'. எங்கள் அப்பாக்களுக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. துண்டை இறக்காமல், குனியாமல் சொல்லக்கூடிய சொல். பாமாவின் 'அண்ணாச்சி' கதை ('கிசும்புக்காரன்', 1996) இங்கேதான் முக்கியமாகிறது. தலித் இளைஞன் ஒருவன் நிலக்காரனை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுகிறான். கூலி கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை, அடிக்கவுமில்லை. ஒரு விளிச்சொல்லை மாற்றினான், ஊர்ப் பஞ்சாயத்தே கூடுகிறது. 'ஈ' என்று நிற்கவேண்டியவன் 'தா' என்று நின்றதுதான் குற்றம்.

பாமா காட்டிய அந்தக் காட்சியை ஆலைக்குள் வைத்து எழுதியவர்கள் குறைவு. முற்போக்கு நாவல்களின் தொழிலாளிக்குச் சாதி இருக்காது. மேடைத் தமிழில் பேசுவான். டி.செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலில் இருந்த தலித்துகளைச் சங்கத்தோடு சேர்த்து எழுதிய வகையில் விலக்கு. தலித் எழுத்தோ பெரும்பாலும் சேரியிலும் வயலிலும் நிற்கிறது. ஷிப்டுக்குப் போன தலித்தை நாமும் எழுதவில்லை.

எழுதியிருந்தால் ஒன்றைக் கவனித்திருப்போம். 'சாமி' ஒழியவில்லை, கேட்டுக்கு வெளியே காத்திருந்தது. தம்பியின் மனுவை எடுத்துக்கொண்டு போனபோது ஹெச்.ஆர். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார். "இவரு எங்க ஆளே இல்லீங்களே. காண்ட்ராக்டரப் பாருங்க" என்றார். அவருக்குப் பின்னால் சுவரில், தயங்காமல் மனம்விட்டுப் பேசச் சொல்லி ஒரு போர்டு. காண்ட்ராக்டர் யார்? தம்பியின் ஊரிலேயே பெரிய வீட்டுக்காரர். தம்பியின் தாத்தா அந்த வீட்டில் பண்ணையாள். அப்பா இன்றும் 'சாமி' என்கிறார். தம்பியைக் கவனித்தேன். 'சாமி' சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. 'சார்' சொல்லத் துணிவில்லை. "வந்துங்க... அதுங்க..." என்று எந்தப் பெயரும் சொல்லாமலேயே பேசி முடித்தான். விளிச்சொல் இல்லாத அந்தப் பேச்சைவிட நல்ல தலித் பிரதி எனக்குத் தெரியாது.

அம்பேத்கர் இதை முன்பே பார்த்தவர். 1938 பிப்ரவரியில் மன்மாடில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளியம் இரண்டையும் எதிரிகள் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போர்ட்டரை வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வதால் தீண்டப்படாதவனுக்குப் போர்ட்டர் வேலை கிடைப்பதில்லை என்று எடுத்துக்காட்டினார். 1943இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, தொழிற்சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே தீரவேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். தொழிலாளி பேசினால் முதலாளிக்குக் கேட்கும் கடமை உண்டு என்பதே அதன் சாரம். அந்த ஏற்பாடு 1947இல் திருத்தச் சட்டமாக நிறைவேறியது. அமலுக்கு மட்டும் வரவேயில்லை.

அதன் விளைவை 2024இல் சுங்குவார்சத்திரத்தில் பார்த்தோம். சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் கோரிக்கைதான். ஆனால் நடுச்சண்டை, சங்கம் என்ற பெயரில் அவர்கள் பேசலாமா என்பதே. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 விழுக்காடு ஆட்களைக் கொண்ட சங்கத்தோடு பேசவேண்டும் என்கிறது. எந்த ஆட்கள்? நிறுவனத்தின் மஸ்டர் ரோலில் பெயர் இருப்பவர்கள். எங்கள் வேனில் ஏறுகிறவர்களின் பெயர் காண்ட்ராக்டரின் நோட்டில் அல்லவா இருக்கிறது?

இரண்டாவது மனு எழுதினோம். முதல் வரியிலேயே தேதி, ஷிப்ட், மிஷின், கழற்றப்பட்ட தடுப்பு, இரண்டு விரல். அடுத்தது, அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம்: காண்ட்ராக்ட் ஆளுக்கும் முதலில் சந்தா கட்டவேண்டியது முதன்மை முதலாளிதான். கருணை, ஏழ்மை, தாழ்மை எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பி இரண்டு தடவை படித்தான்.

"அண்ணே, சண்டைக்குப் போற மாதிரி இருக்கு. எந் தம்பியும் அங்கதான் வேல செய்யறான். அந்தச் சொல்ல எங்கியாச்சும் ஒரு எடத்துல போட்டுடுங்க."

போட்டேன். கடைசி வரியில் 'தாழ்மையுடன்' திரும்ப வந்தது. இடது கையால் அவன் கையெழுத்துப் போட்டான். நகலில் சீல் வாங்கிக்கொண்டு தொழிற்சாலை ஆய்வாளருக்கும் அனுப்பினோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

அந்த ஒரு சொல்லுக்காக அவனைக் கோழை என்று விமர்சனம் எழுதுகிறவன் ஒரு நாள் அந்த வேனில் ஏறிப் பார்க்கட்டும். அது தம்பியின் அடிமைப்புத்தி அல்ல. வீட்டில் இன்னொருவனின் வேலையைக் காப்பாற்ற அவன் கட்டின சந்தா. தனி ஆளாக 'தா' என்று கேட்க முடியாது. கேட்டால் நாளைக்கு வேன் நிற்காது. அந்தச் சொல்லை அடிப்பதற்கு என் பேனா போதாது, வேனில் வருகிற அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். இப்போது யார் மனுவோடு வந்தாலும் முதலில் கேட்கிறேன்: "கூட யார் யார் கையெழுத்துப் போடுவாங்க?" போன மாதம் வந்த ஒரு மனுவில் பதினோரு கையெழுத்து இருந்தது. அதில் 'தாழ்மையுடன்' போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.