பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

உலா இலக்கியம், பவனி வரும் தலைவனைக் கண்டு காதலுறும் மகளிரைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுவகையாக வகுக்கிறது. பாட்டியல் மரபில் இறுதிப் பருவம் பெரும்பாலும் 40 வயதோடு முடிகிறது. அதற்கு மேற்பட்டவளுக்கு அங்கு இடமில்லை. எனினும், அவ்விறுதிப் பெயரிலும் ‘இளமை’ நீங்கவில்லை என்பது கருதத்தக்கது.

இம்மரபின் நீட்சியைக் கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் காண்கிறோம். அங்குப் பால்மரம் சீவிய பெண்கள், கொசுக்கடிக்கும் பால்கறைக்கும் அஞ்சி, சேலைமீது ஆடவரின் முழுக்கைச் சட்டையை அணிந்தனர். தலையில் துண்டு கட்டினர். இளமையிலும் அவர்தம் உடையை வேலையே தீர்மானித்தது. நாற்பதைக் கடந்தபின் நரைக்குச் சாயமிட்டுச் சுடிதாரில் திருவிழாவிற்கு வந்தால், ‘வயதுக்கேற்ற கோலமா?’ எனும் வினா எழுகிறது. மீசைக்குச் சாயமிடும் ஆடவரை நோக்கி அவ்வினா எழுவதில்லை.

இளமையாகத் தோன்றியே ஆகவேண்டும் என்பதும் மற்றொரு கட்டளையே. ஆயினும், புனைகதைகளில் சாயமிட்ட கூந்தலைக் குணக்கேட்டின் குறியாக வாசிக்கும் வழக்கத்தைத் திறனாய்வாளராகிய நாம் கைவிடுதல் வேண்டும்.