ஓகஸ்ட் 16: ஒரு திகதியும் மூன்று மரணங்களும்

சனரஞ்சக இசையின் வரலாற்றைப் பொதுவாசகருக்கு எடுத்துச் சொல்லும் முறைகளுள் மிகப் பரவலானது 'வரலாற்றில் இன்று' என்னும் முறையாகும். ஒரு திகதியை எடுத்துக்கொண்டு, அத்திகதியிற் பிறந்தோர், இறந்தோர், வெளிவந்த இசைத்தட்டுகள், பிரிந்த குழுக்கள் ஆகியவற்றை ஆண்டு வரிசையில் நிரைப்படுத்துவது இதன் இயல்பு. வானொலி அறிவிப்பாளருக்கும் பத்திரிகையின் மூலைப்பத்திக்கும் இது வசதியானது. ஆயின், இசையைச் சமூக இயக்கத்தோடு தொடர்புபடுத்தி ஆராய முற்படும் திறனாய்வுக்கு இம்முறை எந்த அளவிற்குப் பயன்படும் என்பது கேட்கப்படவேண்டிய வினாவாகும்.

இவ்வினாவைப் பரிசீலிப்பதற்கு ஓகஸ்ட் 16ஆந் திகதி பொருத்தமானதோர் எடுத்துக்காட்டு. 1938இல் இத்திகதியில் புளூஸ் பாடகர் ரொபேர்ட் ஜோன்சன் இறந்தார். 1958இல் மடோனா பிறந்தார். 1962இல் லிவர்பூல் நகரில் பீற்றில்ஸ் குழுவின் மேளக்காரர் பீற் பெஸ்ற் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1977இல் எல்விஸ் பிறெஸ்லி இறந்தார். 2018இல் அரீதா பிராங்ளின் இறந்தார். குறிப்பேட்டில் இவை ஐந்தும் ஒரே அளவான ஐந்து வரிகள். ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. நாட்காட்டி காரணங்களை அறியாது.

எனினும் இவ்வைந்தனுள் மூன்று மரணங்களைத் தனியே எடுத்து நோக்குமிடத்து ஒரு பொது நிலம் புலப்படுகின்றது. ஜோன்சன் மிசிசிப்பியிற் பிறந்து சிறுபராயத்தின் ஒரு பகுதியை மெம்பிஸ் நகரிற் கழித்தவர். பிறெஸ்லி மிசிசிப்பியின் ரூப்பலோவில் 1935இற் பிறந்து, 1948இற் பெற்றோருடன் மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தவர். அரீதா 1942இல் மெம்பிஸிலேயே பிறந்தவர். அவர் தந்தையார் மிசிசிப்பியின் மதபோதகர். பருத்தி நிலத்தில் உழைத்த கறுப்பின மக்களின் துயரிலும் வழிபாட்டிலும் வேரோடிய இசை மூவருக்கும் பொதுவான முதுசொம். அம்முதுசொத்தை யார் எவ்வாறு பயன்படுத்தினர், அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதை அளந்து பார்ப்பதற்கு இம்மூன்று மரணங்களும் மூன்று அளவுகோல்களாக அமைகின்றன.

1

1938இல் கிறீன்வூட் நகருக்கு அருகில் ஜோன்சன் இறந்தபோது அவருக்கு வயது 27. 1936 நவம்பரில் சான் அந்தோனியோவிலும் 1937 யூனில் டலஸிலும் ஒலிப்பதிவு செய்யப்பட்ட 29 பாடல்களே அவர் விட்டுச்சென்றவை. அவரது இறப்புச் சான்றிதழில் மரணத்தின் காரணத்தைக் குறிக்கவேண்டிய இடத்தில், மருத்துவர் இல்லை என்ற குறிப்பே காணப்பட்டது. அச்சான்றிதழ்தானும் முப்பது ஆண்டுகளின் பின்னர், 1968இலேயே ஆராய்ச்சியாளர் ஒருவராற் கண்டெடுக்கப்பட்டது. அவர் அடக்கஞ் செய்யப்பட்ட இடம் பற்றிய கருத்து வேறுபாட்டினால் கிறீன்வூட்டைச் சூழ மூன்று இடங்களில் அவருக்கு நினைவுக்கற்கள் நிற்கின்றன.

ஆவணம் இல்லாத இடத்திற் கதை குடிபுகுந்தது. நாற்சந்தியொன்றில் நள்ளிரவிற் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கிற்றார் வாசிக்குந் திறனைப் பெற்றார் என்ற கதை, அவர் இறந்து நெடுங்காலத்தின் பின்னரே, குறிப்பாக 1960களின் பின்னரே, அவர் பெயருடன் இறுக ஒட்டிக்கொண்டது. கேட்பதற்குச் சுவையான இக்கதை செய்யும் தீங்கு ஒன்றுண்டு. அது ஒரு கலைஞனின் பயிற்சியை மறைத்துவிடுகின்றது. ஜோன்சன் ஐக் சிமர்மன் என்ற மூத்த கலைஞரிடம் கிற்றார் கற்றார். லிறோய் கார், லொனி ஜோன்சன் முதலியோரின் இசைத்தட்டுகளை ஊன்றிக் கேட்டு அவர்களது நடைகளைத் தன்வயப்படுத்தினார். வாய்மொழியாக வந்த அடிகளையும் பிறர் தட்டுகளிற் கேட்ட மெட்டுகளையும் இணைத்து, மூன்று நிமிடத் தட்டொன்றினுள் அடங்கும் இறுக்கமான வடிவத்தை அவற்றுக்கு அளித்தமையே அவரது சாதனை. மரபிலிருந்து கடன்பெற்று மரபுக்கே வட்டியுடன் திருப்பிக் கொடுக்கும் நாட்டார் கலைஞனின் தொழில் இது. ஜோன்சனைத் தனித்துத் தோன்றிய மேதையாகக் காண்போர் இக்கடனைக் காணத் தவறுகின்றனர்.

அவர் இறந்த அதே ஆண்டு டிசம்பரில், நியூயோர்க்கின் கானெகி மண்டபத்திற் கறுப்பின இசையை அறிமுகப்படுத்தும் பெருநிகழ்ச்சியொன்றை ஜோன் ஹமண்ட் என்னும் செல்வந்தக் குடும்பத்து இசை ஆர்வலர் ஒழுங்குசெய்தார். ஜோன்சனை அழைக்க முயன்றபோதே அவர் இறந்த செய்தி கிடைத்தது. மேடையில் அவரது இசைத்தட்டு ஒலிக்கவிடப்பட்டது. அவருக்குப் பதிலாகப் பாட வந்தவர் பிக் பில் புறூன்சி. பல ஆண்டுகளாகச் சிக்காகோவில் இசைத்தட்டுகளுக்குப் பாடிவந்த இவர், சபையோருக்கு ஒரு பண்ணைத் தொழிலாளியாகவே அறிமுகஞ் செய்யப்பட்டார். நகரத்து ரசிகர் எதிர்பார்த்தது 'மண்ணின் குரலை'. தொழில்முறைக் கலைஞன் அவ்வெதிர்பார்ப்புக்கு ஏற்ற உடையை அணிய நேர்ந்தது. கறுப்பின இசையை மதித்தவர்களிடத்தும் அக்கலைஞனைச் சமமான தொழிலாளனாகக் காணும் நோக்கு முழுமையாக இருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

1961இல் ஜோன்சனின் பாடல்கள் நீளிசைத்தட்டாக வெளிவந்தன. பிரித்தானிய இளைஞர்கள் அதனைப் பாடமாகக் கொண்டனர். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அவரது பாடல்களைத் தம் தட்டுகளிற் சேர்த்தனர். அப்பாடல்கள் எவருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்து என்ற வாதம் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நிராகரித்தது. அதே ஆண்டில் மிசிசிப்பியின் உயர்நீதிமன்றம், சரளைக்கல் ஏற்றும் லொறியோட்டியாக உழைத்துவந்த ஒருவரே ஜோன்சனின் மகனும் சட்டபூர்வமான வாரிசும் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. தந்தை இறந்து 62 ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன.

2

1977இன் மரணம் முற்றிலும் மாறுபட்டது. மெம்பிஸில் உள்ள கிறேஸ்லாண்ட் மாளிகையில் 42 வயதிற் பிறெஸ்லி இறந்த மறுநாள், ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி ஜிம்மி காட்டர் அனுதாப அறிக்கை விடுத்தார். இறுதி ஊர்வலத்தைக் காணப் பல்லாயிரவர் தெருவோரங்களில் நின்றனர். 1982இல் அம்மாளிகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 15ஆந் திகதி இரவு ரசிகர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி அங்குக் கூடுகின்றனர்.

பிறெஸ்லியின் முதற்றட்டு 1954 யூலையில் மெம்பிஸின் சன் நிறுவனத்திற் பதிவுசெய்யப்பட்டது. அதன் ஒரு பக்கம் 'தற்ஸ் ஓல் றைற்'. ஆதர் குறடப் என்ற மிசிசிப்பிக் கறுப்பினக் கலைஞர் 1946இற் பாடிப் பதிவுசெய்த பாடல் அது. மறுபக்கம் வெள்ளையரின் கிராமிய இசையைச் சார்ந்தது. இரு மரபுகளையும் ஒரே துள்ளலிற் பாடியமை பிறெஸ்லியின் உண்மையான ஆக்கத்திறனாகும். அத்தட்டை முதன்முதலில் ஒலிபரப்பிய மெம்பிஸ் வானொலி அறிவிப்பாளர், பாடகரை அழைத்து, அவர் படித்த பாடசாலை எதுவென்று வினவினார். பாடசாலைகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த நகரத்தில் அவ்வொரு விடையே பாடகர் வெள்ளையர் என்பதை நேயர்களுக்கு உணர்த்தப் போதுமானதாயிருந்தது. பாடசாலைகளில் இனப்பிரிவினை சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரு மாதங்களே ஆகியிருந்தன.

பிறெஸ்லி கறுப்பினத்தவரின் இசையைக் 'களவாடினார்' என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுப்பப்படுகின்றது. இதனை அப்படியே ஏற்றல் கடினம். தாம் பாடுவதைக் கறுப்பினத்தவர் நெடுங்காலமாகவே பாடிவந்துள்ளனர் என்பதை 1956இற் பத்திரிகையாளரிடம் அவரே வெளிப்படையாகக் கூறி, குறடப்பின் பெயரையும் குறிப்பிட்டார். ஜோன்சன் லிறோய் காரிடமிருந்து பெற்றதைப் போலவே பிறெஸ்லி குறடப்பிடமிருந்து பெற்றார். கலைநிலையில் இரண்டும் ஒரே செயல். வேறுபாடு எழும் இடம் சந்தை. 1955 நவம்பரில் பெரிய இசைத்தட்டு நிறுவனமாகிய ஆர்.சி.ஏ. பிறெஸ்லியின் ஒப்பந்தத்தை 35,000 டொலருக்கு வாங்கியது. குறடப்போ கூலி உழைப்பில் வாழ்ந்து, தமது பாடல்களின் உரிமைப்பணத்தை முழுமையாகப் பெறாமலே 1974இல் இறந்தார். நாட்டார் மரபிற் கடன் என்பது ஒருவரையொருவர் வளர்க்கும் வழக்கு. சந்தையில் அதே கடன், உரிமைப் பத்திரத்தை வைத்திருப்பவனின் இலாபமாக மாறுகின்றது.

இவ்விலாபக் கணக்கு வெள்ளைப் பாடகனையும் விட்டுவைக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 1973இற் பிறெஸ்லி தமது அதுவரைகாலப் பதிவுகளின் எதிர்கால உரிமைப்பணத்தை 5.4 மில்லியன் டொலருக்கு ஆர்.சி.ஏ. நிறுவனத்திற்கே விற்றார். அத்தொகையிலும் ஏறத்தாழப் பாதி முகாமையாளரைச் சென்றடைந்தது. அவரது மரணத்தின் பின் அப்பழைய தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. அவற்றின் உரிமைப்பணம் அவர் குடும்பத்துக்கு உரியதாக இருக்கவில்லை. இசையின் 'அரசன்' எனப்பட்டவர் தமது அரசின் கணக்கேட்டைத் தம் கையில் வைத்திருக்கவில்லை.

3

கானெகி மண்டபத்தில் ஜோன்சனைக் காணாது ஏமாந்த ஹமண்ட், 22 ஆண்டுகளின் பின்னர் 1960இல், 18 வயது அரீதா பிராங்ளினைக் கொலம்பியா நிறுவனத்திற்கு ஒப்பந்தஞ் செய்தார். ஆயின் அந்நிறுவனத்தில் அரீதாவின் குரல் நளினமான பாடல்களுக்கும் வாத்தியக் கோவைகளுக்கும் பின்னால் ஒதுங்க நேர்ந்தது. அற்லாந்திக் நிறுவனத்துக்கு மாறி, 1967இல் அவர் தாமே பியானோவில் அமர்ந்து பாடியபோதுதான், டெற்றோயிற் நகரிலே தந்தையாரின் தேவாலயத்தில் வளர்ந்த குரல் முழுமையாக ஒலித்தது.

அவ்வாண்டு வெளிவந்த 'றெஸ்பெக்ற்' ஓற்றிஸ் றெடிங் 1965இல் இயற்றிப் பாடியது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் மனைவியிடம் மதிப்பை வேண்டும் பாடல் அது. அரீதா அதனைப் பெண்ணின் வாயில் வைத்தார். சகோதரியர் பின்னணி பாட, எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் புதிய பகுதியொன்றையும் சேர்த்தார். வேண்டுகோள் கோரிக்கையாயிற்று. பெண்களும் குடியுரிமைப் போராட்டத்தில் ஈடுபட்ட கறுப்பின மக்களும் அதனைத் தம் குரலாகக் கொண்டனர். கடன்பெற்ற பாடல், கடன் கொடுத்தவரே எண்ணியிராத பொருளைப் பெறுவதற்கு இதனினும் சிறந்த உதாரணம் அரிது.

இங்கும் கணக்கேடு குறுக்கிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் சட்டப்படி, வானொலி ஒரு தட்டை ஒலிபரப்பும்போது பாடலை இயற்றியவருக்கும் வெளியீட்டாளருக்குமே பணம் உண்டு; பாடியவருக்கு இல்லை. ஆகவே 'றெஸ்பெக்ற்' வானொலியில் ஒலித்த ஒவ்வொரு தடவையும் பயன்பெற்றது றெடிங்கின் தரப்பே. குறடப் விடயத்தில் இயற்றியவர் இழந்தார். அரீதா விடயத்தில் பாடியவர் இழந்தார். 1972க்கு முற்பட்ட பதிவுகளின் இணையவழி ஒலிபரப்புக்குப் பாடகருக்கும் உரிமைப்பணம் வழங்க வகைசெய்யுஞ் சட்டம் 2018 ஒக்டோபரில் நிறைவேறியபோது, அரீதா இறந்து இரு மாதங்கள்கூட ஆகவில்லை. சாதாரண வானொலியை அச்சட்டமும் தொடவில்லை.

அரீதா நிகழ்ச்சிக்கு முன்னரே தமது ஊதியத்தைக் காசாகப் பெற்று, அக்கைப்பையை மேடையிலே தம் கண்ணிற் படும்படி வைத்துக்கொண்டு பாடும் வழக்கமுடையவர். இதனைப் பெரும் பாடகியின் விசித்திர குணமாகச் சிலர் எழுதியுள்ளனர். குறடப்பின் வரலாற்றை அறிந்தவருக்கு அதில் விசித்திரம் எதுவும் இல்லை. தம் இனத்துக் கலைஞர் தலைமுறை தலைமுறையாகப் பெற்ற படிப்பினையையே அவர் அக்கைப்பையிற் சுமந்தார்.

2018 ஓகஸ்ட் 16ஆந் திகதி டெற்றோயிற்றில் 76 வயதில் அவர் மறைந்தபோது ஒரு தேசமே துக்கங் கொண்டாடியது. இறுதி ஆராதனை ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் நீடித்தது. முன்னாட் சனாதிபதி கிளின்ரன் அதில் உரையாற்றினார்.

4

1938இன் மௌனத்தையும் 2018இன் பெருந்துக்கத்தையும் அருகருகே வைத்து, இது முன்னேற்றத்தின் கதை என முடிவுகட்டுவது எளிது. அம்முடிவில் ஓரளவு உண்மையும் உண்டு. இனப்பிரிவினைச் சட்டங்கள் வீழ்ந்தன. கறுப்பினப் பெண்ணொருவர் தேசத்தின் குரலாக ஏற்கப்பட்டார். அது மக்கள் போராடிப் பெற்ற மாற்றம். ஆயினும் புகழின் வளர்ச்சியும் நீதியின் வளர்ச்சியும் ஒரே வேகத்தில் நிகழவில்லை என்பதையே இம்மூன்று மரணங்களும் காட்டுகின்றன. ஜோன்சனுக்கு இரண்டும் அவர் இறந்த பின்னரே வந்தன. பிறெஸ்லிக்குப் புகழ் வாழ்நாளிலேயே உச்சத்தை அடைந்தது, உரிமை கைநழுவிற்று. அரீதா இரண்டையும் வேண்டி நின்றார். ஊதியத்தைக் கைப்பையிற் காத்துக்கொள்ள முடிந்தது, வானொலியிடமிருந்து பெற முடியவில்லை.

திகதிவாரிக் குறிப்புகள் இவற்றைச் சொல்லமாட்டா. அவை பெயரையும் ஆண்டையும் தந்து, ஒவ்வொரு கலைஞனையும் தனித்த நட்சத்திரமாக நிறுத்திவிடுகின்றன. அவன் எவரிடம் கற்றான், எவருடைய பாடலைப் பாடினான், அப்பாடலின் பணம் எங்கே சென்றது என்பன அவ்வரியில் இடம்பெறுவதில்லை. சிமர்மனுக்கும் குறடப்புக்கும் அக்குறிப்பேட்டில் ஓகஸ்ட் 16 இல்லை. அவர்களின்றி அத்திகதிக்கும் இசை வரலாற்றில் இத்தனை பொருள் இல்லை. ஆதலின் இத்தகைய குறிப்புகளை முற்றாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவற்றின் ஒவ்வொரு வரிக்கும் அருகே, விடுபட்ட பெயர்களையும் தீர்க்கப்படாத கடன்களையும் எழுதிச் சேர்ப்பதே சனரஞ்சகக் கலை பற்றிய திறனாய்வின் முன்னுள்ள பணியாகும்.