ரூபலாவுக்கும் ஒரு ஜோக் கொடுத்திருக்கலாம்

பூதலூரில் பாசஞ்சர் ஏறினால் திருச்சி வருவதற்குள் பாதிக்கு மேல் ஓடிவிடும் ரகம், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா நாவல்கள். இரண்டு சம்பவங்களை மாறி மாறிச் சொல்லி, சரியான இடத்தில் வெட்டுவார். கை தானாகப் பக்கம் புரட்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கல்யாணம் ஆகாத ஜோடி. சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்தில் தொடங்கி, சீண்டல் எல்லாம் அவர்களுக்குள்ளேயே நடக்கும். விவேக்–ரூபலா புருஷன் பெண்டாட்டி. அங்கே சிரிக்கவைக்க விஷ்ணு என்று மூன்றாவது ஆள் வேண்டியிருக்கிறது.

தாலி ஏறினால் கிண்டல் போய்விடுமா என்ன? புருஷனை ஒரே வார்த்தையில் மடக்கும் பெண்டாட்டி நம்ம ஊரில் எந்தத் தெருவில் இல்லை? அந்த வாய் ரூபலாவுக்கு இருந்திருந்தால், விவேக்குக்கு முன்னாடி அவளே துப்பு துலக்கியிருப்பாள்.