அழகுபடுத்த இயலாத ஓசை

யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அவர்களுடைய நாட்காட்டியின்படி திஷ்ரி மாதத்தின் முதல் இரு நாட்களில், பெரும்பாலும் செப்டம்பரில், கொண்டாடப்படுகிறது. வீட்டில் தேனில் தோய்த்த ஆப்பிளுக்கு உள்ள இடம், தொழுகைக்கூடத்தில் ஷோஃபார் எனப்படும் கொம்புக்கு உண்டு. விவிலிய நூல்களான லேவியராகமமும் எண்ணாகமமும் அந்நாளை முழக்கத்தின் நாள் என்று குறிப்பதோடு நின்றுவிட, அம்முழக்கம் கொம்பினுடையது என்பதைப் பிற வசனங்களோடு ஒப்பிட்டு நிறுவியவர்கள் பிற்கால அறிஞர்களே.

துளையோ கட்டையோ இல்லாத இக்கருவியில், உதட்டின் அழுத்தத்தால் மட்டும் இரண்டு மூன்று சுரங்கள் பிறக்கின்றன, அவையும் கரகரப்பானவை. இசையின் இனிமையை எதிர்பார்த்துச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அந்தக் கரடுமுரடுதான் இதன் சிறப்பு. அதை இனிமையாக்கிவிடாதபடி யூதச் சமயச் சட்டம் பல நூற்றாண்டுகளாகக் காத்து வந்திருக்கிறது.

பசுவினத்தின் கொம்பு பொற்கன்றை வழிபட்ட பாவத்தை நினைவூட்டும் என்பதால் விலக்கப்பட்டது. மானின் கிளைக்கொம்பு உட்குழிவில்லாத கெட்டி எலும்பு என்பதால் பயன்படாது. ஈசாக்குக்குப் பதிலாக ஆபிரகாம் பலியிட்ட ஆட்டை நினைவூட்டும் செம்மறிக்கடாவின் கொம்பே சிறந்தது எனப்படுகிறது. ஏமன் நாட்டு யூதர்கள் மட்டும் கூடு என்னும் ஆப்பிரிக்க மறிமானின் நீண்டு முறுகிய, உட்குழிவுள்ள கொம்பை விரும்புகின்றனர். வளைந்த கொம்பே இந்நாளுக்கு ஏற்றது, ஏனெனில் மனிதனின் உள்ளமும் அன்று வளைய வேண்டும் என்று யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத் தரும் விளக்கம், வடிவத்துக்கும் பொருளுக்கும் இடையிலான நுட்பமான பொருத்தத்தைக் காட்டுகிறது.

கைவினைஞர் முதலில் கொம்பைச் சூடாக்கி உள்ளிருக்கும் எலும்பைப் பிரித்தெடுக்கிறார். கொம்பின் நுனிப்பகுதி உள்ளே கெட்டியாகவே இருப்பதால், கம்பியை விட்டு உட்குழிவு எதுவரை செல்கிறது என்று அளந்து, நுனியை வெட்டி, வெப்பத்தால் சற்றே நிமிர்த்தி, குழிவைச் சென்று சேரும்படி துளையிடுகிறார். துளை ஓரிழை விலகிப் பக்கச்சுவரைத் துளைத்துவிட்டால் அதுவரை பட்ட பாடு வீணாகும். நீளவாக்கில் முழுதும் பிளந்ததோ, துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததோ செல்லாது. ஊதும் வாயில் பொன் பூசியதும் செல்லாது. வண்ணம் தீட்டலாகாது, ஆனால் கொம்பின் உடலிலேயே எழுத்தோ உருவோ செதுக்கலாம். கொம்பிலிருந்து வரும் ஓசை தடித்ததாயினும் மெல்லியதாயினும் வறண்டதாயினும் ஏற்கத்தக்கதே என்ற விதிதான் இவற்றுள் மிக அழகியது.

ஊதும் முறையில் வேறொரு நயம் உள்ளது. தெக்கியா என்பது நேரான நெடிய முழக்கம். அதை அடுத்து வரவேண்டிய தெருவா எத்தகைய ஓசை என்பதில் ஐயம் எழுந்தது. நீண்ட பெருமூச்சு போல மூன்றாக முறியும் ஷெவாரிமா, விம்மல் போல ஒன்பது துண்டுகளாகச் சிதறும் ஒலியா, அல்லது இரண்டும் ஒன்றையடுத்து ஒன்றா? கி.பி. 300-ஐ ஒட்டிச் செசரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ரப்பி அபாஹு, மூன்றையும் தெக்கியாக்களுக்கிடையே வைத்து ஊதும்படி ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு வரிசையும் மும்முறை ஊதப்பட 30 ஓசைகளாகும். பரவலான வழக்கில் அவை வழிபாடு முழுவதும் சேர்ந்து 100 ஆகின்றன. அறிஞர் ஐயத்தைத் தீர்த்து ஒன்றைத் தேர்ந்திருந்தால் கிடைத்திருக்கும் ஓசை வறியதாகவே இருந்திருக்கும். அதைத் தீர்க்காமல் அடுக்கியதால், நேராக நிற்பதும் முறிவதும் சிதறுவதும் மீண்டும் நேராவதுமான ஓர் அமைப்பு உருவாயிற்று. இறுதியில் வரும் தெக்கியா கெதோலா, மூச்சு தாங்கும்வரை நீட்டப்படும் பெருமுழக்கம்.

ஊதுபவர் தாமாக எதையும் தொடங்குவதில்லை. அருகில் நிற்கும் ஒருவர் ஒவ்வொரு ஓசையின் பெயரையும் சொல்லச் சொல்ல ஊதுகிறார். முன்னதாக ஊதுபவர் ஓதும் வாழ்த்துரையோ, ஊதுவதற்கல்ல, கேட்பதற்கான கட்டளையைப் பற்றியது. கலைஞனைவிடக் கேட்பவனை மையத்தில் நிறுத்தும் கலைகள் அரியவை. தொழுகைக்கூடத்தின் பின்புறம் நடந்து செல்பவர்கூடக் கருத்தூன்றிக் கேட்டால் கடமை நிறைவேறுகிறது என்றும், குழிக்குள் ஊதப்பட்டதன் எதிரொலியை மட்டும் கேட்டால் நிறைவேறாது என்றும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்துள்ளது. முதல் நாள் சனிக்கிழமையில் வந்தால், 2020-இலும் 2023-இலும் நேர்ந்ததைப் போல, மரபுவழிச் சபைகளில் அன்று கொம்பு ஊதப்படாமல் மறுநாளே ஊதப்படும். எதிரொலியைப் பற்றிய அந்தப் பழைய விதியின் அடிப்படையிலேயே, ஒலிப்பதிவில் கேட்கும் ஷோஃபார் கடமையை நிறைவேற்றாது என்று இன்றைய சமய அறிஞர்கள் தீர்ப்பளிக்கின்றனர்.