தெரிவு செய்வோரின் முகம்

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றோர் அதிகாரம் வைத்துள்ளார். ஒருவரைப் பணிக்கு அமர்த்துமுன் அவரை எங்ஙனம் ஆராய்ந்து தேறுவது என்பதே அதன் பொருள். அவ்வதிகாரம் பணி வேண்டி நிற்பவனை நோக்கிப் பேசவில்லை. தெரிவு செய்யும் அரசனை நோக்கியே பேசுகிறது. தெரிவு என்னும் செயலில் முதற்கண் சோதனைக்கு உள்ளாவது தெரிபவனின் நடுவுநிலைமையே என்பது அதன் உட்கிடை. அமெரிக்க நாட்டின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்கள் மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் முறை பற்றி ஜெரோம் கேரபெல் எழுதிய நூலைப் படித்து முடித்தபோது, இந்த எண்ணமே நம்முள் மேலோங்கி நின்றது.

கேரபெல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சார்ந்த சமூகவியல் அறிஞர். ‘தெரிந்தெடுக்கப்பட்டோர்’ எனப் பொருள்படும் தலைப்பில் 2005-இல் வெளிவந்த அவருடைய பெருநூல், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் நூற்றாண்டுக் காலச் சேர்க்கை வரலாற்றை அவற்றின் ஆவணங்களிலிருந்தே எடுத்துக்காட்டுகிறது.

நம் வாசகர்க்கு ஒரு விளக்கம் தேவை. தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் மதிப்பெண்ணும் தரவரிசையும் ஒதுக்கீட்டு விதிகளும் இடத்தை முடிவு செய்கின்றன. இன்ன மதிப்பெண்ணுக்கு இன்ன கல்லூரி என்று பெற்றோர் வீட்டிலிருந்தே கணக்கிட்டுவிடுவர். அங்கு அவ்வாறன்று. ஹார்வர்டு தொடர்பான வழக்கொன்றில் கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் வழங்கிய தீர்ப்பு ஒரு கணக்கைத் தருகிறது. ஓராண்டில் உள்நாட்டிலிருந்து விண்ணப்பித்த ஏறத்தாழ 26,000 பேரில், பள்ளிப் பாடங்களில் குறைவற்ற மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் 8,000-க்கும் அதிகம். இருந்த இடங்களோ ஏறத்தாழ 1,600. எனவே, இத்தனை பேரிடையே ஒருவரைத் தனித்துக் காட்டுவது எது என்னும் வினா, ஆண்டுதோறும் பதினேழு வயதுப் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுக்கிறது.

இவ்வினாவுக்குக் கிடைக்கும் வழக்கமான விடை நாம் அறிந்ததே. நற்பண்பு, தலைமைத் திறன், கலை, விளையாட்டு, ஆசிரியரின் பரிந்துரை, தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை ஆகியவை சேர்ந்த ‘முழு மனிதரையே’ தாம் பார்ப்பதாகக் கல்லூரிகள் கூறுகின்றன. கேட்பதற்கு இனிமையான விடைதான். ஆனால், இந்தப் பட்டியல் எப்போது, எதற்காகப் பிறந்தது என்று கேரபெல் கேட்கிறார். நூலின் உயிர்நிலை அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் பாடத் தேர்வே வாயிலாக இருந்தது. தேறியவர் பெரும்பாலும் சேர்ந்தனர். குடியேறிய ஏழை யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தேர்வில் சிறந்து விளங்கினர். 1922-இல் ஹார்வர்டின் முதலாண்டு மாணவரில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் மேல் யூதர்கள். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் இதனை 15 விழுக்காட்டளவில் கட்டுப்படுத்த விரும்பினார். வெளிப்படையான வரம்பினைப் பேராசிரியர் குழு ஏற்கவில்லை. ஆனால், விண்ணப்பப் படிவம் மாறியது. தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் என்ன, தந்தை பிறந்த இடம் எது, விண்ணப்பிப்பவரோ தந்தையோ எப்போதேனும் பெயரை மாற்றிக்கொண்டதுண்டா என்றெல்லாம் அது வினவியது. 1926-இல் முதலாண்டு மாணவர் தொகைக்கு ஆயிரம் என்னும் வரம்பு வந்தது, குணநலனுக்குப் புதிய முதன்மை தரப்பட்டது, புகைப்படமும் கேட்கப்பட்டது. யூத மாணவரின் பங்கு கணிசமாகக் குறைந்தது. மதிப்பெண்ணை மறுக்க இயலாது. குணத்தை எளிதில் மறுத்துவிடலாம் அன்றோ?

இவ்விடத்தில் நாம் நூலை மூடிவைத்துச் சற்றுநேரம் சிந்திக்க வேண்டியதாயிற்று. மதிப்பெண்ணைவிடக் குணமே பெரிது என்று மாணவரிடம் சொல்லிச் சொல்லியே முதுமையை நெருங்கியவர்கள் நாம். அந்த நல்ல சொல்லே வேலிக்கு முள்ளாகப் பயன்பட்ட வரலாறு நமக்குக் கசந்தது. ஆயினும் கசப்பு வேறு, பொய் வேறு. கேரபெல் அடுக்கும் சான்றுகளை மறுக்க வழியில்லை.

பின்வந்த நிகழ்ச்சிகளும் அவர் கூற்றுக்கு வலுச்சேர்த்தன. மேற்சொன்ன வழக்கு 2014-இல் தொடுக்கப்பட்டது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கல்வி, பிற ஈடுபாடு, விளையாட்டு, ஆளுமை எனத் தனித்தனி மதிப்பீடு இடப்படுவது விசாரணையில் விரிவாக வெளிவந்தது. கல்வியில் உயர் மதிப்பீடு பெற்ற ஆசிய வம்சாவளி மாணவர் ஆளுமையில் சராசரியாகக் குறைந்த மதிப்பீடே பெற்றனர். அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வகையில் அடங்குவர். வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2019-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2023-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, இனத்தைக் கருத்திற்கொள்ளும் சேர்க்கை முறையைச் செல்லாததாக்கியது. வழக்கில் வெளியான தரவுகளைக் கொண்டு, மனுதாரர் தரப்பு வல்லுநரும் வேறிருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஹார்வர்டு ஏற்றுக்கொண்ட வெள்ளை இன மாணவருள் 43 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விளையாட்டுக்காக அழைக்கப்பட்டவர்கள், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், பணியாளரின் பிள்ளைகள், முதல்வரின் தனிப்பட்டியலில் இடம்பெற்றவர்கள் ஆகிய பிரிவுகளுள் அடங்குவர் என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஆகவே, தனித்துத் தெரிதல் என்பது பெரும்பாலும் மாணவரிடம் உள்ள ஒரு பண்பு அன்று. நிறுவனத்தின் அன்றைய தேவையே அவ்வாறு பெயர் பெறுகிறது. படகு வலிக்க ஆள் தேவையென்றால் படகு வலிப்பவர் தனித்துத் தெரிவார். கட்டடம் கட்டப் பணம் தேவையென்றால் கொடையாளரின் மகன் தனித்துத் தெரிவான்.

நூலில் நாம் காணும் குறைகள் இரண்டு. முதலாவது, அதிகாரப் போட்டி என்னும் ஒரே திறவுகோலால் எல்லாப் பூட்டையும் திறக்க ஆசிரியர் முயல்கிறார். 1933-இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கானன்ட், தொலைவிலுள்ள மாநிலங்களின் வசதியற்ற மாணவரைத் தேடி உதவித்தொகைத் திட்டம் வகுத்தார். இத்தகைய முயற்சிகளையும் அதிகாரக் கணக்கிலேயே சேர்த்துவிட்டால், மனச்சான்று என ஒன்று மனிதரிடம் செயற்படுவதற்கு இடமே இல்லாமற் போகிறது.

இரண்டாவது, தெரிவோரின் குரல் நூலெங்கும் ஒலிக்க, தெரிவுக்குக் காத்திருக்கும் இளைஞரின் குரல் அரிதாகவே கேட்கிறது. அக்குரலை நாம் தேட வேண்டிய இடம் விண்ணப்பக் கட்டுரை. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் அதற்கு 650 சொற்கள் எல்லை. நீ சந்தித்த ஓர் இடர் அல்லது தோல்வி யாது, அதிலிருந்து கற்றது என்ன என்பது அதன் வினாக்களுள் ஒன்று.

இதனை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு நோக்கினால் அதன் ஊனம் விளங்கும். தன்னைப் பற்றி எழுதுபவன் தன்னை அறியவே எழுதுகிறான். எழுதி முடிக்கும்வரை முடிவு அவனுக்கே தெரியாது. இங்கோ முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. தோல்வி எதுவாயினும் அறுநூற்றைம்பதாம் சொல்லுக்குள் அது வெற்றியாக வேண்டும். தந்தையின் சாவுகூட ஒரு பாடம் கற்பித்தாக வேண்டும். ஆறாத துயரத்துக்கு இவ்வகையில் இடமில்லை. மனத்துயரைச் சந்தைச் சரக்காக்கும் இப்பயிற்சியை, கட்டணம் பெறும் ஆலோசகர்கள் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கு அளிக்கின்றனர். இனம் தன் வாழ்வை எங்ஙனம் பாதித்தது என்று மாணவர் எழுதலாம் என 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியிருப்பதால், இந்தச் சுமை இன்னும் கூடியிருக்கிறது.

அப்படியாயின் மதிப்பெண் ஒன்றே போதுமா? போதும் என்று துணிந்து கூற நம்மால் இயலவில்லை. மதிப்பெண்ணுக்கும் செல்வத்துக்கும் உள்ள உறவை யார் அறியார்! ஆனால், ராஜ் செட்டியும் உடனாய்வாளரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வைக் கருத வேண்டும். நுழைவுத் தேர்வில் ஒத்த மதிப்பெண் பெற்றவர்களுள்ளேயே, மிக உயர்ந்த வருவாயுடைய ஒரு விழுக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் இத்தகைய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பைப்போல் இருமடங்குக்கும் அதிகம் என்று அது கண்டது. மதிப்பெண்ணில் செல்வம் ஒருமுறை நுழைகிறது. ‘முழு மனித’ மதிப்பீட்டில் மறுமுறையும் நுழைகிறது.

ஹார்வர்டிலேயே மெய்யியல் கற்பிக்கும் மைக்கேல் சாண்டெல், 2020-இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி கூறினார். படிக்கும் தகுதியுடையோரை முதலில் பிரித்தெடுத்து, அவர்களுள் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யலாம் என்பது அவர் கருத்து. முதலில் இது விளையாட்டாகத் தோன்றியது. எண்ணிப் பார்க்கையில் இதிலுள்ள அறம் புலனாயிற்று. இடம் பெற்றவன், ‘நானே உயர்ந்தவன்’ என்று செருக்குற மாட்டான். பெறாதவன், ‘நான் குறையுடையவன்’ என்று குன்ற மாட்டான். குணம் பெரிது என்னும் நம் கருத்தை நாம் கைவிடவில்லை. குணம் உண்டு, அதை அறியப் பலநாட் பழக்கம் வேண்டும். கோப்பைச் சில நிமிடம் புரட்டும் அந்நியர் அதற்கு எண்ணிட முடியும் என்பதையே மறுக்கிறோம்.

பள்ளி முடிந்து கடையில் வேலை செய்த பெண், தம்பி தங்கையரைச் சோறூட்டி வளர்த்த பையன் ஆகியோரின் உழைப்பைக் குறிக்கவும் இன்று அப்பொது விண்ணப்பத்தில் இடமுண்டு. அது நல்ல மாற்றம். அவர்கள் தம் வாழ்வை உள்ளபடி எழுதட்டும், மிகைப்படுத்த வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்தால், அது தம்மைப் பற்றிய தீர்ப்பு அன்று, ஒரு நிறுவனம் தன் தேவையைப் பற்றி எழுதிய குறிப்பு என்று கொள்ளட்டும். தெரிவு செய்வோர்க்கு நாம் கூறுவது இவ்வளவே: நூறாண்டாக மாணவரின் முகத்தைப் படத்தில் தேடினீர்கள், இனி உங்கள் முகத்தையும் கண்ணாடியில் ஒருமுறை காணுங்கள்.